பின்னல் ஓவியத்தின் முன்னால் உன் அம்மா

இன்று காலை பல்கலைக்கழகக் கண்காட்சிக் கூடத்தைக் கடந்தபோது புதுப் பெயின்ட் வாசம் வந்தது. அடுத்த வகுப்பு மாணவர்கள் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நாம் அடித்த ஆணிகளின் துளைகளை அடைத்துவிட்டார்கள். உள்ளே போக மனம் வரவில்லை.

ஜெர்மனியில் வாழும் கறுப்பினப் பெண்களின் சமகாலக் கலையை ஆராய்ந்து ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். அதுதான் நம் வகுப்புக்குத் தந்த வேலை. முதல் நாளே எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா கானா நாட்டுக்காரர், அம்மா மன்னாரைச் சேர்ந்தவர். நீ என் பக்கம் சாய்ந்து, "பார், எல்லாத்துக்கும் நான்தான் பதில் சொல்லவேணும் எண்ட மாதிரிப் பாக்கினம்," என்றாய். உனக்குத் தமிழ் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எஸ்ஸன் நகரில் ஓர் ஓவியரைத் தேடிப் போனோம். சிறுமிகளின் தலைப் பின்னல்களைச் சுவரளவு பெரிதாக வரைபவர். படம் தர மறுத்துவிட்டார். இந்த நாட்டிலேயே பிறந்த தன்னை முன்பு ஒரு கண்காட்சியில் 'ஆப்பிரிக்க ஓவியர்' என்று எழுதி வைத்தார்களாம். நான் சமாதானம் சொல்லத் தொடங்கினேன். நீ என் கையைத் தொட்டு நிறுத்தி, "சுவரில் என்ன எழுத வேண்டும்?" என்று அவரிடமே கேட்டாய். "என் பெயர், பிறந்த ஊர். வேறொன்றும் வேண்டாம்," என்றார். நீ ஒப்புக்கொண்டாய்; படத்தைத் தந்தார். நம் வகுப்புப் பேராசிரியையோ நீண்ட விளக்கம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "சொல்லிப்போட்டம். இனி மாத்த ஏலாது," என்று என்னிடம் சொல்லிவிட்டு, பேராசிரியையோடு வாதாடி வென்றாய்.

அதற்குள் உனக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். திறப்பு விழாவன்று மருத்துவமனையிலிருந்து வீடியோவில் வந்தாய். முடி கொட்டிய தலையில் துணி சுற்றியிருந்தாய். நான் ஓவியத்தின் பக்கம் ஃபோனைத் திருப்பினேன்.

"படத்தைக் காட்டாதை. பாக்க வந்த சனத்தைக் காட்டு."

ஒரு கறுப்பினத் தாய் தன் சின்ன மகளைத் தூக்கிப் பிடித்துப் பின்னலைக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னை அங்கேயே நிற்கச் சொன்னாய். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "களைக்குது. பிறகு கதைப்பம்," என்றாய். பிறகு நாம் கதைக்கவில்லை.

உன்னை அடக்கம் செய்த பிறகு, கண்காட்சியின் கடைசி நாளில் உன் அம்மா கெல்சென்கிர்ச்சனிலிருந்து வந்தார். மற்றப் படங்களைப் பார்க்காமல் அந்த ஓவியத்தின் முன்னாலேயே நின்றுவிட்டார்.

"இதை ஆர், பிள்ளை, தெரிஞ்செடுத்தது?"

"அவள்தான், அன்ரி."

அவர் ஓவியத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இப்பிடிப் பின்ன எனக்குத் தெரியேல்லை. தகப்பன்ரை ஆக்களும் கிட்ட இல்லை. சீப்பு வைச்சால் அழுவாள். அதாலை சின்னனிலை ஒட்ட வெட்டிவிட்டனான். பள்ளிக்கூடத்திலை பொம்பிளைப்பிள்ளை இல்லை, பெடியன் எண்டு பகிடி பண்ணினவையாம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உன்னட்டை ஏதும் சொன்னவளோ? என்னிலை மனவருத்தம் இருந்ததோ?"

நீ ஒருநாளும் சொன்னதில்லை. "ஒண்டும் சொல்லேல்லை, அன்ரி," என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் இல்லை.

ஓவியம் எஸ்ஸனுக்குத் திரும்பிப் போய்விட்டது. உன் அம்மா ஞாயிறுகளில் தேவாலயப் பூசை முடிந்ததும் எனக்கு ஃபோன் எடுக்கிறார். சாப்பிட்டாயா, படிப்பு எப்படி என்று கேட்பார். ஓவியத்தின் முன்னால் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்பதில்லை. ஆனால் பேச ஒன்றும் இல்லாமல் போன பிறகும் ஃபோனை வைக்கமாட்டார். நானும் வைப்பதில்லை.