பெரியாத்தாள் கல்லில் நான் வாசித்த பெயர்

அண்ணா,

முதலில் பிள்ளைகள் சமாசாரம். என் பெரிய பேரன் அரூர் தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தா ஆகிவிட்டான். அவன் கையெழுத்தைத் தாசில்தாரே மெச்சினாராம். சின்னவன் எட்டாவதில் கணக்கில் முதல். பேத்தி சேலத்தில் வாத்தியாரம்மா வேலைக்குப் படிக்கிறாள். உன் பேத்தி முத்தாயி ஒன்றாம் வகுப்பில் பாட்டுச் சொல்லி ஒரு சிலேட்டுப் பரிசு வாங்கியிருக்கிறாள். அந்தப் பெயரை எழுதும்போதுதான் எனக்குக் கை நின்றுபோகிறது.

நேற்றுச் சேலத்திலிருந்து தபால் வந்தது. உறைக்குள் நீ எடுத்த பெரியாத்தாள் கல்லின் படம்.

மொரப்பூர் ரயிலடியில் வேலை பார்த்தபோது, ஊர் மாற்றிப்போன துரை ஒருவரிடம் அந்தப் பெட்டிக் கேமராவை வாங்கினாய். ஊரார் கல்யாணப் படம் எடுக்கக் கூப்பிட, நீ நம் வம்சத்துப் புதைமேட்டுக் கற்களைத் தேடி அலைந்தாய். “உசுரோட இருக்கறவங்கள நாளைக்கும் எடுக்கலாம் பாப்பா. கல்லு தேஞ்சுகிட்டே போவுது” என்பாய்.

சித்தேரி மலையடியில் பெரியாத்தாள் கல் கன்னங்கரேலென்று இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி, எழுத்தெல்லாம் உள்ளே போய்விட்டது. நம் வம்சத்துக்கே மூத்தவள், ஆனால் அவள் சொந்தப் பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. நீ தலை முழுகுகிற அரப்புத்தூளைக் கரைத்துத் தேய்க்க ஆரம்பித்தாய். சித்தப்பா ஓடிவந்தார்.

“டேய், ஆத்தா கல்லச் சொரண்டறியா? வம்சம் விளங்குமாடா?”

“சொரண்டலீங்க சித்தப்பா. எத்தன தலமொறையா எண்ணெ வெச்சுட்டே இருக்கறீங்க, ஒருத்தராவது தலைக்கு ஊத்திவுட்டீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் அவரே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

எழுத்து வெளியே வந்தது. படத்தில் தெரியட்டுமென்று பள்ளத்திலெல்லாம் அரிசி மாவை அப்பினோம். “அஞ்சாவது படிச்சவ எந்தங்கச்சி, இப்பச் சொல்லுவா பாருங்க” என்று சித்தப்பாவிடம் பெருமையடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

எனக்கு ஓர் எழுத்துக்கூடப் பிடிபடவில்லை அண்ணா. வேடிக்கை பார்க்கக் கூடிய பங்காளிகள் அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “முத்தாயி” என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு வந்த பெயர், அவ்வளவுதான்.

திரும்பும் வழியிலேயே சொல்லியிருக்கலாம். உன் பேத்திக்குப் பெயர் வைத்த அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். நீ தொட்டிலுக்குள் குனிந்து அவள் காதில் மூன்று தடவை முத்தாயி என்று சொல்லிவிட்டு அழுதாய். நான் வாயை மூடிக்கொண்டேன். போன ஐப்பசியில் நீயும் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு மனசு கேட்கவில்லை. படத்தைச் சேலத்துப் பேத்திக்கு அனுப்பி, யாரிடமாவது காட்டு என்றேன். அவள் எழுதியிருக்கிறாள்: “ஆயா, இது தமிழே இல்லை. என்னோடு படிக்கும் ஓசூர்ப் பக்கத்துப் பெண் வாசித்தாள். கன்னடமாம். தொட்டம்மா என்று வெட்டியிருக்கிறது. அப்படியென்றால் பெரியம்மாவாம்.”

பார்த்தாயா? அவள் பெயரை யாரும் மறக்கவில்லை. பேச்சு மாறிய இடத்தில் பெயரையும் மாற்றிப் பெரியாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். நம் வாயில் கன்னடம் எப்போது நின்றது? எந்த மலை இறங்கி வந்தோம்? நீ இருந்தால் இன்றைக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெரியாத்தாள் கல்லுக்குப் பின்னால் புதரடியில் சின்னக் கல் ஒன்று இருக்கிறது. அன்றே எனக்குத் தென்பட்டது. அதையும் வாசிக்கச் சொல்வாயோ என்று பயந்து, என் முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

இதை முடித்ததும் உன் மகனுக்குக் கடுதாசி எழுதப் போகிறேன். அந்தக் கல்லுக்கும் தலைக்கு ஊற்றி, மாவு அப்பி, முத்தாயியைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். எழுத்துத் தெரியாவிட்டால் இந்தத் தடவை தெரியவில்லை என்று சொல்லிவிடுவேன். பெயர் எப்படி வந்ததென்று முத்தாயிக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன்.