ஹால்வருக்குப் பிறகு யார்?

பைன் ஹார்பர், மினசோட்டா
9 செப்டம்பர் 1986

அன்புள்ள இர்மா,

மினியாபொலிஸ் வாழ்க்கை ஒத்துக்கொண்டதா? இங்கே ஏரிக்காற்று இப்போதே குளிர ஆரம்பித்துவிட்டது.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் இந்தக் காகித ஆலையின் பணியாளர் அலுவலகத்தில் சேர்ந்தோம். தலைமை அலுவலகம் உன்னை மட்டும் கூப்பிட்டுக்கொண்டது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்தான் சொல்கிறது. நேற்று கேன்டீனில் மரக்கிடங்கு ஸ்வென் எல்லார் முன்னாலும் கேட்டான்: "என்ன வெர்னா, கூட்டாளி மாடி ஏறிட்டா, நீ இன்னும் வாசல்லயே நிக்கிற?" சிரித்து வைத்தேன்.

நீ அனுப்பிய மனிதவளத் திட்டம் வந்தது. கொதிகலன் பிரிவில் பாதிப் பேர் சீக்கிரம் ஓய்வு பெற்றுவிடுவார்கள், இப்போதே புதியவர்களைப் பழக்க வேண்டும் என்கிறாய். அவர்கள் யாரும் போகமாட்டார்கள், இர்மா. வீட்டில் உட்கார்ந்து மனைவியிடம் திட்டு வாங்கவா போவார்கள்? அங்கே உட்கார்ந்து வரைபடம் போட்டால் எதுவும் வளைந்து கொடுக்கும்.

உன் மேஜைக்கு கோரின் பெர்க் என்றொரு பெண் வந்திருக்கிறாள். கேள்விக்கு மேல் கேள்வி கேட்கிறாள்.

உன் வெர்னா


மினியாபொலிஸ்
21 செப்டம்பர் 1986

என் அன்பு வெர்னா,

ஸ்வென் கிடக்கிறான், விடு. நீ அனுப்பிய லிங்கன்பெரி ஜாமை ஒளித்து வைத்துத் தின்கிறேன்.

கொதிகலன் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதே. கொதிகலனை இயக்கும் உரிமம் வாங்க வருஷக்கணக்கில் ஆகும். ஆள் போன பிறகு விளம்பரம் கொடுத்தால் யார் வருவார்கள்? மரக்கிடங்கில் துடியான இளைஞர்கள் இருக்கிறார்களே, அவர்களை மாலை வகுப்புக்கு அனுப்பு. செலவை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்மேல் உள்ள நம்பிக்கையில் எழுதுகிறேன். கோபிக்காதே.

என்றும் உன் இர்மா


பைன் ஹார்பர்
3 மே 1988

இர்மா,

உனக்குச் செய்தி முன்பே வந்திருக்கும். புது ஓய்வூதிய ஒப்பந்தம் கையெழுத்தானதும் கொதிகலன்காரர்கள் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். நான் அவர்களை மறித்துக்கொண்டு நின்றேன். "இத்தனை நாள் நெருப்பு முன்னால வெந்தது போதும் வெர்னா, இனிமே மீன் பிடிக்கப் போறோம்" என்றார்கள்.

ஆலை நிற்கவில்லை. மரக்கிடங்கிலிருந்து நான்கு பேர் உரிமத்தோடு வந்து நின்றார்கள். கோரின் அனுப்பிப் படிக்க வைத்தவர்களாம். செலவுக்கு அனுமதி கொடுத்தவள் நீயாம்.

அவளை நேராகக் கேட்டேன்: "எனக்கு எதிர்லயே உக்காந்துக்கிட்டு, என் முதுகுக்குப் பின்னால எத்தனை நாளா இது?"

"முதல்ல உங்ககிட்டதானே கேட்டேன் வெர்னா. 'அதுக்கெல்லாம் நேரமில்லை'னு சொன்னீங்க. அப்புறம்தான் இர்மாவுக்கு போன் பண்ணேன்" என்றாள். குரலில் கொஞ்சம்கூடத் திமிர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

என் தோழி அவளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

நம் மேலாளர் ஹால்வர் கோடையோடு ஓய்வு பெறுகிறார். மேலாளர் பதவிக்கு யாரைப் போடுவது என்று உன்னைத்தான் கேட்பார்களாமே. இத்தனை வருஷம் இந்த அலுவலகத்தைத் தாங்கியது யார் என்று உனக்குத் தெரியும். வாய்விட்டுக் கேட்க வைத்துவிட்டாய்.

வெர்னா


மினியாபொலிஸ்
19 மே 1988

அன்புள்ள வெர்னா,

வேறு யார் சொல்லியும் உனக்குத் தெரியக்கூடாது என்பதால் எழுதுகிறேன். உன் பெயரைத்தான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டு கோரின் பெயரை எழுதினேன்.

உனக்குத் திறமை இல்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் நம் வேலை என்ன, வெர்னா? இன்னொருவரிடம் இருப்பதைக் கண்டுபிடித்து, அவரை மேலே ஏற்றி விடுவது. ஏறுகிறவரைப் பார்த்து நம் மனம் கொஞ்சமாவது குளிர வேண்டும். நான் ஏறியபோது உன் முகத்தைப் பார்த்தேன். கோரினைப் பற்றி நீ எழுதுவதையும் படிக்கிறேன்.

அவளோடு பேசியதை உன்னிடம் மறைத்தது என் கோழைத்தனம். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இர்மா


பைன் ஹார்பர்
12 அக்டோபர் 1988

இர்மா,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

கோரின் மேலாளராகிவிட்டாள். போன வாரம் தொழிற்சங்கத்தோடு முதல் பேச்சுவார்த்தை. அதற்கு முன் என் மேஜைக்கு வந்து நின்றாள். "தனியாப் போக பயமா இருக்கு வெர்னா. பக்கத்துல உக்காருவீங்களா?" என்றாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "காபி எடுத்துட்டு வா, போலாம்" என்று வந்துவிட்டது.

ஸ்வென்தான் இப்போது சங்கத் தலைவன். மேஜையைத் தட்டினான், கத்தினான். அவள் அவன் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றதுல பாதி நியாயம் இருக்கு ஸ்வென். எந்தப் பாதின்னு பேசலாமா?" என்றாள். அறையே சிரித்துவிட்டது. நானும்தான்.

நன்றாகப் பேசினாள். உன்னைவிட நன்றாக. இதை உனக்கு எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. நீயும் கொஞ்சம் வெந்து பார்.

நன்றித் திருநாள் விருந்துக்கு நீ எப்போது வருகிறாய் என்று கார்ல் கேட்கிறார். பாவம், என் கணவருக்கு எதுவும் தெரியாது. இந்த வருஷம் வேண்டாம், இர்மா. அடுத்த வருஷத்தைப் பற்றி இப்போதே சொல்ல எனக்குத் தெரியாது. அப்படித் திட்டம் போடுவதெல்லாம் உன் வேலை.

வெர்னா ஹாக்லண்ட்