அலரி தப்பித்த கதை நைனாவுக்குக் கிடையாது

என் உசிரு அக்காவுக்கு,

அலரி சாகவில்லை. முதலில் உனக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

நாம் இரண்டு பேரும் பிடுங்கிப் பிடுங்கிப் படித்த 'ஆறுமலை' மாயக்கதையில் கழுகு வளர்ப்பாளே, அதே அலரிதான். நாலாம் பாகத்தின் முடிவில் அவளைக் கோட்டைக்குள் பூட்டித் தீ வைத்ததற்கு நீ இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தாய். ஐந்தாம் பாகத்தை விழுப்புரம் வரை போய் வாங்கி வந்தாய்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நைனா உன் கையிலிருந்து பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டார். "ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணுக்கு இன்னாடி கதை?" எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த மாதமே உனக்கு டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "நைனா, அந்த புக்கு வேற எங்கனா கிடைக்குமா?" என்று கேட்டாய். "பரீட்சை முடியட்டும், பாக்கலாம்" என்றார். பரீட்சை வந்தபோது நீ இல்லை.

அதற்கப்புறம் அந்தக் கதைப் பக்கமே நான் போகவில்லை. நீ படிக்காத முடிவை நான் மட்டும் எப்படிப் படிப்பேன்? பதினெட்டு வருஷம் கழித்து, போன மாதம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது போனில் பார்த்தேன். அலரிக்கென்றே தனியாக ஒரு கிளைக்கதை வந்திருக்கிறது. வாங்கிப் பிரித்தால் முதல் வரியிலேயே நாற்பது வயது அலரி, கழுகுக்கு இரை வைத்துக்கொண்டிருக்கிறாள். வேலை பார்க்கும் துணிக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு அழுதேன்.

சர்க்கரை வந்து நைனாவுக்குப் பார்வை போய்விட்டது. "எதுனா படிச்சிக் காட்டும்மா, பொழுதே போவல" என்றார். இதையே படித்தேன். வேண்டுமென்றுதான். ஒரே வாரத்தில் அவருக்கு அலரி மேல் அவ்வளவு பிரியம். சாயந்திரம் நான் வரும் பஸ்ஸுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

புதன்கிழமை கேட்டார். "அந்த நெருப்புலருந்து இவ எப்படிம்மா தப்பிச்சா?"

"அது இதுல இல்ல நைனா. பழைய அஞ்சாவது புக்குல, கடைசியில இருக்குது. நீ அடுப்புல போட்டியே, அது."

கையிலிருந்த டீ கிளாஸை வைக்க இடம் தேடித் தடவினார். நான் வாங்கி வைக்கவில்லை. கடைசியில் தரையிலேயே வைத்துவிட்டு, "வேற எங்கனா கிடைக்குமா?" என்றார்.

"அக்காவும் இதையேதான் கேட்டா."

அழுதார். எனக்குப் பாவமாக இல்லை. இருந்திருக்க வேண்டுமா? நீ இருந்தால் என்னைத் திட்டியிருப்பாயா?

தேடிப் பிடித்து வாங்கிய ஐந்தாம் பாகம் இப்போது என் பையில் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உன்னைப் புதைத்த இடத்துக்கு வந்து, கடைசி அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் உனக்குச் சத்தமாகப் படிப்பேன். அவர் தினமும் கேட்கட்டும். "கிடைக்கல நைனா" என்று தினமும் சொல்வேன். உன் மேல் சத்தியம்.

இன்னும் மனசு ஆறாத உன் தங்கச்சி,
பூங்கொடி
சிங்கவரம்