புறா தேடிப் போன நேரம்

மாப்ளே, எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். விரல் இன்னும் மண்வெட்டியைப் பிடிப்பது போலத்தான் பேனாவைப் பிடிக்கிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன். முதியோர் வகுப்பு டீச்சர்கூடக் கைவைக்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக் கூட்டி, யாரையும் கேட்காமல் முழுசாகப் படித்தேன். சந்தோஷத்தில் சத்தமாகவே படித்துவிட்டேன். 'வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.' 'உடனே' என்ற சொல்லை மட்டும் இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

டீக்கடையில் அன்று காலை உன் வாய் ஒரு பக்கமாக இழுத்தபோது நான் சிரித்தேன். ஊரில் எல்லாரையும் போல நடித்துக் காட்டுகிறவன் அல்லவா நீ? "யாரு மாப்ளே இது, ஒன் மாமியாளா?" என்றேன். கையிலிருந்த கிளாஸ் நழுவி விழுந்த பிறகுதான் புரிந்தது.

கடைக்காரர் போனை எடுத்தார். "வண்டிக்குச் சொல்லிருவமாண்ணே?"

"வாதத்துக்கு எதுக்குப்பா வண்டி? புறா ரத்தத்தைச் சூட்டோட தேச்சாக் கை வந்துரும்" என்று நான்தான் தடுத்தேன்.

உன்னை வீட்டுக் கட்டிலில் கிடத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அன்னவாசலில் புறா கிடைக்கவில்லை. இரண்டு ஊர் தாண்டிக் கிடைத்தது. திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நான் தேய்க்கத் தேய்க்க, நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

கடைக்காரர் மனசு கேட்காமல் வந்து பார்த்து வண்டியைக் கூப்பிட்டார். அதில் வந்த பெண் உன் கையைப் பார்த்துப் பதறியது. "ஐயா, எங்க அடிபட்டுச்சு? ரத்தம் எங்கேருந்து வருது?"

"அது புறாவுதும்மா" என்றேன். அந்தப் பெண் உன்னைச் சிரிக்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தது. "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

"காலையில ஏழரைங்க" என்றார் கடைக்காரர். அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. புதுக்கோட்டையில் டாக்டரும் அதையேதான் கேட்டார். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

உன் மகள் இன்றைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை மாப்ளே. கேட்டிருக்கலாம்.

இப்போது டீக்கடையில் யாராவது வாயைக் கோணினால், "சிரிங்க, ரெண்டு கையையும் தூக்குங்க" என்கிறேன். "பெருசு டாக்டராயிருச்சு" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அந்தத் தாளை நோட்டில் பார்த்தெழுதி, நீ உட்காரும் பெஞ்சுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அடியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'புறா தேடிப் போகாதீர்கள்.'

அந்த வரி சரிந்து சரிந்து தாளுக்கு வெளியே போகப் பார்க்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை கோடு போட்டு நேராக எழுதி ஒட்டுவேன். ஒட்டிய கையோடு உனக்கும் மறுபடி எழுதுவேன்.