வராத பூனைக்கு ஒரு கிண்ணம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். பழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே. போனில் சொன்னால் நான் சொல்வதைக் கேட்கமாட்டாய், என் குரல் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பாய். அதனால் கடிதம்.

பூனைக்குட்டி கிடைத்துவிட்டது.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நிதானமாகப் படி.

விலங்குக் காப்பகத்தில் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். குட்டிக்கு ஏற்ற வீடா, ஏற்ற ஆளா என்று. வீட்டைத் தயார் செய்துவிடலாம். ஆளை? கவலையே அதுதான்.

தரையில் தவழ்ந்து பார்த்தேன். குட்டியின் உயரத்திலிருந்து இது வேறு வீடு. கட்டிலுக்கு அடியில் ரப்பர் வளையங்கள், நூல் கோத்த ஊசி, நான் பிழை திருத்தும் மெய்ப்புத் தாள்களிலிருந்து உதிர்ந்த குண்டூசிகள். எல்லாம் தொண்டைக்குள் போகக்கூடியவை. பெருக்கி எடுத்தேன். ஒயர்களைக் குழாய்க்குள் விட்டேன். என் மாத்திரைகள் மேசையிலிருந்து அலமாரிக்குப் போயின. நீ தந்த லில்லிச் செடி கீழே வீட்டுக்காரரிடம் போனது. பூனைக்கு அது விஷமாம். கோபித்துக்கொள்ளாதே.

பிறகு பழக்கம். குட்டி வந்த பின் பழகிக்கொள்ளலாம் என்றால், நான் பழகும்வரை அது பட்டினி கிடக்கும். அதனால் வராத பூனைக்கே எல்லாம் செய்தேன். காலையில் எழுந்து கிண்ணத்தில் தண்ணீர் மாற்றுவது. குட்டி வெளிக்குப் போக வைத்த மணல் தட்டைக் கிளறுவது. காகிதப் பந்தை உருட்டுவது. மாலையிலும் அதே. சில காலைகளில் வெறும் கிண்ணம்தானே என்று தோன்றும். எழுந்தேன்.

ஒழுகும் தண்ணீர்க் குழாயைப் பார்க்க மேலே வந்த வீட்டுக்காரர் பந்தோடு என்னைப் பிடித்துவிட்டார்.

“எங்க பூனை?”

“இன்னும் வரல சார்.”

“அப்ப யாருக்கு உருட்டுறீங்க?”

படி இறங்கும்போது மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது: “மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு போல. அவங்க அக்கா நம்பர எங்க வச்ச?” உனக்கு போன் வந்திருந்தால், விஷயம் இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காப்பகத்து மேடம் டார்ச்சோடு வந்தார். வந்தவுடன் தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் வெளிச்சம் அடித்தார். ஒன்றும் அகப்படவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சமையலறையில் மாட்டிக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டையும் மணல் தட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

“ஏன் தம்பி, நீங்க கக்கூஸ்ல உக்காந்துதான் சாப்பிடுவீங்களா?”

மணல் தட்டு கூடத்து மூலைக்கு ஓடியது.

பிறகு பால்கனிக் கதவை இழுத்தார். பூட்டு.

“சாவி?”

“அக்காகிட்ட.” நீ இருக்கும் நாட்டையும் சொன்னேன்.

“பால்கனி சாவிய எடுத்துட்டு அவ்ளோ தூரம் போனாங்களா? எதுக்கு?”

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொன்னால் குட்டி இல்லை என்றும் தெரிந்தது. சொல்லிவிட்டேன். போன வருஷம் எனக்கு மனசு சரியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றே நீ அதைப் பூட்டினாய். நீ பயந்ததற்குக் காரணம் இருந்தது. எல்லாம் ஒரே மூச்சில். உன்னிடம்கூட நான் இப்படிச் சொன்னதில்லை, அக்கா.

“இப்ப?”

“மாத்திரை போடுறேன். தூங்குறேன். காலைல எந்திரிச்சுடுறேன்.”

“மறுபடியும் முடியாமப் போனா குட்டிய யார் பாப்பாங்க?”

அவரே கீழே இறங்கிப்போய் வீட்டுக்காரரிடம், இவரை நம்பி ஒரு உயிரைக் கொடுக்கலாமா என்று கேட்டார். படியில் நின்றிருந்தேன்.

“பூனையே இல்லாதப்பவே பாத்துக்கிட்டாரு மேடம். வந்தா விடுவாரா? முடியலன்னா நாங்க எதுக்கு இருக்கோம்?”

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். “மத்த வீட்லல்லாம் பால்கனிக்கு வலை கட்டுங்கன்னு தொண்ட கிழியக் கத்தணும். உங்க அக்கா எனக்கு அந்த வேலைய மிச்சம் பண்ணிட்டாங்க. கூடை இருக்கா, குட்டியத் தூக்கிட்டு வர?”

அக்கா, ஜெயித்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் முதலாவதாக வந்தபோதுகூட இப்படிக் குதித்ததில்லை. வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தேன். மனுஷன் மிரண்டுபோனார்.

இப்போது அது மெய்ப்புத் தாள்மேல் உட்கார்ந்திருக்கிறது. சாம்பல் நிறம். பெரிய காது. ஒரு பக்கம் திருத்தி முடிக்க விடுவதில்லை. விடிந்தால் என் மூக்கைக் கடிக்கிறது. எழுந்துதான் ஆகவேண்டும். சந்தோஷமாகத்தான் எழுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தினமும் போன் செய்து என்னை எழுப்புகிறாய். எனக்குக் காலை, உனக்கு நடுச்சாமம். ஒரு வருஷமாக அலாரம் வைத்து விழித்திருக்கிறாய். மாமாவும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த அலாரத்தை எடுத்துவிடு. சாயங்காலமாகக் கூப்பிடு, ஊர்க்கதை பேசலாம்.

நீ விடியும்வரை தூங்க வேண்டும் அக்கா. நான் எழுந்துவிடுவேன்.

என்றும் அன்புடன்,
உன் தம்பி