உன் மாமா படம் போட்ட பாக்கெட்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எங்கள் வீடும் கடையும் ஒரே பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தானே. உன் மாமாவுக்குக் குரல்தான் போனதே தவிர, காது பாம்புக் காது. பஸ் நிலையத்தில் மைக் இல்லாமலே ஊர்ப் பெயர்களைக் கூவிய மனுஷன், இப்போது டம்ளரில் கரண்டியால் தட்டித்தான் என்னைக் கூப்பிடுகிறார். தட்டுகிற விதத்திலேயே தண்ணீரா, தொண்டை ஓட்டையைத் துடைக்கத் துணியா, கோபமா என்று தெரிந்துவிடும். சண்டை வந்தால் டம்ளர்தான் நசுங்குகிறது.

நீ வேலை பார்க்கும் சுகாதார இலாகாவிலிருந்து வந்து எடுத்துப் போன அவர் படம் சிகரெட் பாக்கெட்டில் வந்துவிட்டது. நீ கேட்டபோது அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தானே சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைக் காட்டி, கல்யாணப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொருத்தனுக்கு இந்தக் கதி வரக்கூடாது என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். உனக்கும் நினைவிருக்கும்.

ஆனால் இங்கே நடப்பது வேறு. என் கடைக்கு வருகிற டிரைவர், கண்டக்டர் எல்லோருக்கும் அவரைத் தெரியும். "அண்ணன் படம் வேணாம்கா, பல்லு அழுகின படம் இருந்தா குடுங்க" என்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே புகைப்பது மரியாதை இல்லையாம். ஒருவர் தெரியாமல் வாங்கிவிட்டு, காலிப் பாக்கெட்டைக் கீழே போட மனமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. புகைதான் நிற்கவில்லை.

பிறகு ஏன் நீ விற்கிறாய் என்று உன் மனைவி கேட்பாள். கேட்கட்டும், நியாயம்தான். நான் ஒருத்தி நிறுத்தினால் எதிர்க்கடைக்காரருக்குக் கொண்டாட்டம், அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் சாலையைத் தாண்டிப் போவார்கள், போகிற போக்கில் பாலும் சோப்பும் அங்கேயே வாங்கிவிடுவார்கள். எல்லாக் கடையையும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி உத்தரவு போடுங்கள். முதல் ஆளாக அலமாரியைக் காலி செய்கிறேன்.

இப்போது என் பெரியவன் விஷயம். மாமாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், இனிமேல் தொடவே மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தானே, நீயும் பக்கத்தில்தான் நின்றாய். போன வாரம் அழுக்குத் துணி எடுக்க அவன் பெட்டியைத் திறந்தேன். அடியில் ரப்பர் பேண்ட் போட்டு, கட்டுக் கட்டாக உன் மாமாவின் படம். அப்பாமேல் பிள்ளைக்கு இவ்வளவு பாசமா என்று ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது. முட்டாள் நான். ஒன்றை மூக்கருகே கொண்டுபோன பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு படமும் ஒரு காலிப் பாக்கெட்.

வேன் ஓட்டிவிட்டுச் சாப்பிட வந்தவன் முன்னால் அத்தனையையும் கொட்டினேன். அவன் மறைக்கவில்லை. சிகரெட்டை ஒரு தகர டப்பாவுக்கு மாற்றிக்கொள்வானாம். "அப்பா மூஞ்சியக் குப்பையில போட மனசு வரலம்மா, அதான் வெட்டி எடுத்து வச்சேன்" என்றான். நான் அடிப்பதா, அழுவதா? நீயே சொல்.

தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து வந்துவிட்டார். படங்களை எடுத்துப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். ஓட்டை வழியாகக் காற்று வந்தது, சத்தம் வரவில்லை. விடாமல் திட்டிக்கொண்டே இருந்தார், தம்பி. உதடு அசைவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியவன் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். கடைசியில் அவர் சிலேட்டை எடுத்து, "மச்சானைக் கேள்" என்று எழுதினார். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

இனி எழுதுவது மட்டும் அவர் காதுக்குப் போகக்கூடாது. பெரியவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. சளி என்கிறான். மாமாவும் முதலில் சளி என்றுதான் சொன்னார். வீட்டுக்குள் இருமலை அடக்கிக்கொண்டு, வெளியே போய் வேனுக்குப் பின்னால் நின்று இருமுகிறான். இங்கே இருக்கும் டாக்டர், சோதனைக்கு எழுதித் தருகிறேன், முதலில் சிகரெட்டை நிறுத்து என்கிறார். நிறுத்திப் பார்க்காமலா இருந்தான்? கை நடுங்கி, தூக்கம் கெட்டு, வேனைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்தான். முதலாளி காய்ச்சி எடுத்துவிட்டார். மறுபடியும் பற்றவைத்துவிட்டான். அதற்கு மாத்திரை இருக்கிறதாம், கூடவே உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறார்களாம், ஆனால் எல்லாம் நீ இருக்கும் தலைநகரில்தானாம். வாரா வாரம் அவ்வளவு தூரம் வர அவனுக்கு யார் லீவு தருவார்கள்? என்னை ஒரு வாரம் ரூமில் போட்டுப் பூட்டிவிடு அம்மா என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறான். மீசை வைத்த பிள்ளை.

நீங்கள் கொண்டுவரும் சட்டத்தைப் பற்றி நீ போனில் சொன்னதை எல்லாம் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். இந்த வருஷத்துக்குப் பிறகு பிறக்கிறவர்களுக்கு எந்த வயதிலும் சிகரெட் விற்கக் கூடாது என்பது நல்லதுதான். வரியை ஏற்றுவது, பாக்கெட்டில் கலரே இல்லாமல் செய்வது, விளம்பரத்தை ஒழிப்பது, எல்லாம் நல்லது. கம்பெனிக்காரர்கள் படத்தைச் சின்னதாக்கச் சொல்கிறார்கள், தேதியைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் என்றாய். மசிந்துவிடாதீர்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தில், ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரியில் சிகரெட்டை நிறுத்த வைத்தியம் தர வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்ததே, அதைச் செலவு என்று மேலே இருப்பவர்கள் எடுத்துவிட்டார்கள் என்று வருத்தமாகச் சொன்னாய். அன்று எனக்கு அதன் அருமை தெரியவில்லை. இனிமேல் பிறக்கிற பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டீர்கள், சந்தோஷம். முன்னாலேயே பிறந்துவிட்டவனை நான் என்ன செய்ய? அந்தப் பிரிவைத் திரும்பச் சேர்க்கச் சொல். உன் பெரிய அதிகாரியின் அறை வாசலில் நின்று சொல், என்னைப் பற்றிச் சொல், வெட்கப்படாதே. சட்டம் வருவதற்கு நாளாகும் என்றால் அதுவரை இவனை உன் வீட்டில் வைத்துக்கொள். வேலை போனால் போகட்டும். ஒரு மூலையில் படுத்துக்கொள்வான், உன் மனைவிக்கு ஒரு தொந்தரவும் தர மாட்டான். சோதனைக்கும் நீயே கூட்டிப்போ. என்ன வந்தாலும் முதலில் எனக்குச் சொல், மாமாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். நீ நிலையத்தில் நில். பேச்சுக் கொடுத்து அவன் தொண்டையை வருத்தாதே.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று, தம்பி. பாக்கெட்டுக்கு அடுத்த படம் தேட ஆரம்பித்தால், உனக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறான் என்று உங்கள் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாதே.

உன்னையே நம்பியிருக்கும்,
அக்கா