அடுக்கு மட்டும் தப்பு

ஜனவரி 8

கூட்டாசிரியருக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டால், நான்கு வருஷம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியதா என்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் நாம் சேர்ந்து எழுதிய மின்னியல் கணக்குக் கையேட்டைப் பதிப்பகத்தார் மறுபடி அச்சிடப் போகிறார்களாம். புதிதாக நாற்பது கணக்கு வேண்டுமாம். பழைய வழக்கப்படியே செய்வோம். கேள்வியை நான் போடுகிறேன். விடையை இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடிப்போம். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்தக் கணக்கு புத்தகத்துக்குள் போகும். போன் வேண்டாம். போனில் நமக்கு அடுக்குக்குறி விளங்காது, சண்டை மட்டும்தான் விளங்கும்.

முதல் கணக்கு: 2 × 10⁻⁶ கூலும், 5 × 10⁻⁶ கூலும் மின்னூட்டம் கொண்ட இரண்டு சிறு கோளங்கள் காற்றில் 30 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே விலக்கு விசை எவ்வளவு?

குளியலறைக் கதவு இன்னும் தரையில் தேய்கிறது. நீங்கள் போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே. இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
கேள்வி போடுபவள்

ஜனவரி 17

வாத்தியாரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறினேன். கணக்குதான் என்றதும் மூச்சு வந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது.

விடை: 10⁻⁴ நியூட்டன். இவ்வளவு நோஞ்சான் விசையை வைத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

மருந்துக்கடை மாடியில் அதே ஒற்றை அறைதான். ஜன்னலைத் திறந்தால் மாத்திரை வாசனை வருகிறது. கல்லூரியில் என் வகுப்புக்குப் பிள்ளைகள் தவறாமல் வருகிறார்கள். பின் வரிசையில் தூங்கவா, கேட்கவா என்று இப்போதெல்லாம் கவனிப்பதில்லை. கதவின் கீல் திருகை அரைச் சுற்று இறுக்கிப் பார்.

விடை போடுபவன்

ஜனவரி 26

கூட்டாசிரியருக்கு,

திருகை இறுக்கினேன். இப்போது கதவு மூடவே மாட்டேன் என்கிறது. நன்றி.

உங்கள் விடை தப்பு. அது ஒரு நியூட்டன், முழுசாக ஒன்று! எப்படிப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கினீர்கள்? அடுக்கில் கோட்டை விட்டவனை வகுப்புக்கு வெளியே நிறுத்திய ஆள்தானே நீங்கள்? மனம் இதில் இல்லையென்றால் சொல்லிவிடுங்கள். எழுத்து வேறு ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. அந்த ஊரில் காகிதம் சும்மா தருகிறார்களா?

அடுத்த இரண்டு:

4 × 10⁻⁶ ஃபாரட் மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மின்னேற்றப்படுகிறது. அதில் சேமிக்கப்பட்ட ஆற்றல் எவ்வளவு?

இரண்டு இணைத் தட்டுகளின் இடைவெளி 3 × 10⁻³ மீட்டர். அவற்றுக்கு இடையே 12 வோல்ட். மின்புலம் எவ்வளவு?

தலைமையாசிரியை நேற்று கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் எப்பம்மா வர்றாரு?" லீவில் வருவார் என்று சொல்லிவைத்தேன். எந்த லீவு என்று அவர் கேட்கவில்லை.

கேள்வி போடுபவள்

பிப்ரவரி 6

வாத்தியாரம்மாவுக்கு,

திட்டு வாங்கி நாளாயிற்று. சுகமாகத்தான் இருந்தது. முதல் கணக்கை மறுபடி மூன்று முறை போட்டேன். என் விடையில் மாற்றமில்லை.

இரண்டாவது: 0.0018 ஜூல்.

மூன்றாவதுக்கு விடை எழுதுமுன் ஒரு சண்டை. ஏன் இப்படி எண் எடுக்கிறாய்? 3 × 10⁻⁸ மீட்டர் இடைவெளியா? அதில் தலைமயிர்கூட நுழையாதே! புலம் மீட்டருக்கு 4 × 10⁸ வோல்ட் வருகிறது. நடுவில் இருக்கும் காற்று என்ன பாடுபடும்? பன்னிரண்டு வருஷமாகக் கேள்வி போடுகிற கை இப்படி எழுதலாமா? எண்ணை மாற்று.

எந்த லீவு என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

விடை போடுபவன்

பிப்ரவரி 14

உங்களுக்கு,

சண்டைக்குத் தயாராகத்தான் என் கார்பன் நகலை எடுத்தேன். மைனஸ் மூன்று என்றுதான் எழுதியிருக்கிறேன். நீங்கள் அதை எட்டு என்று படித்திருக்கிறீர்கள்.

மூன்று எட்டாகத் தெரிந்தால் ஆறும் எட்டாகத் தெரிந்திருக்குமோ என்று தோன்றியது. முதல் கணக்கில் ஆறு இருந்த இடத்தில் எல்லாம் எட்டைப் போட்டுப் பார்த்தேன். 10⁻⁴ வந்தது. மின்தேக்கிக் கணக்கிலும் அப்படியே செய்தேன். 0.0018 வந்தது. நீங்கள் ஒரு கணக்கைக்கூடத் தப்பாகப் போடவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

வரியில் இருக்கும் எண் தெரிகிறது. அதன் தலைமேல் பொடியாக இருப்பது தெரியவில்லை. உங்கள் எழுத்து பெரிதானதும் அதனால்தான். அதற்கும் நக்கல் செய்தேன். சமையலறையில் நின்று அழுதுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணுக்கு என்ன? எத்தனை நாளாக? மறைக்காமல் எழுதுங்கள்.

நான்

பிப்ரவரி 25

என் வாத்தியாரம்மாவுக்கு,

மாட்டிக்கொண்டேன். விடைத்தாள் திருத்துகிறவளிடம் தப்ப முடியாது.

ஒரு வருஷமாயிற்று. நேராகப் பார்க்கிற இடத்தில் ஒரு புகை. ஓரங்கள் நன்றாகத் தெரிகின்றன. தெருவில் நடப்பேன், சட்டைக்குப் பொத்தான் போடுவேன். எதிரே நிற்பவரின் முகம்தான் கலைந்து போகிறது. "கண்ணாடி மாத்தினா சரியாகாதுங்க. இருக்கிற பார்வையைக் காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். கல்லூரியில் பிள்ளைகளுக்குத் தெரியும். "சார், நான் படிக்கட்டுமா?" என்று முறை வைத்து எழுந்து நிற்கிறார்கள்.

அப்படியானால் உன் கணக்கையும் அவர்களிடம் கொடுத்திருக்கலாமே என்பாய். கீழே மருந்துக்கடைக்காரர்கூடக் கேட்டார்: "குடுங்க சார், ரெண்டு நிமிஷத்துல படிச்சுச் சொல்லிடறேன்." மனம் வரவில்லை. நான்கு வருஷம் கழித்து வந்த உன் எழுத்தை இன்னொருவர் வாயால் கேட்க முடியாது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு கடிதத்துக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அதில் ஆறும் எட்டும் குழம்பியதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நீ வருவாய் என்று இங்கே நான்கு வருஷமாகக் காத்திருந்தேன். அது உண்மை. ஆனால் கண்ணுக்காக வருவதென்றால் வராதே. கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று நான் காத்திருக்கவில்லை. பாவம் பார்த்து நீ எதிரே வந்து நின்றால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? புத்தக வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கும்படி பதிப்பகத்தாரிடம் சொல்லிவிடு.

உன் விடை போடுபவன்

மார்ச் 5

அன்புள்ள உங்களுக்கு,

பதிப்பகத்தாரிடம் எப்படிச் சொல்வது? அவர்கள் எதுவும் கேட்கவே இல்லை. அந்தக் கையேட்டை அவர்கள் மறந்து பல வருஷமாயிற்று. மறுபதிப்பு, நாற்பது கணக்கு எல்லாம் என் கைச்சரக்கு. உங்கள் எழுத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அதை அப்படியே எழுத வீம்பு விடவில்லை. கணக்கைத் தவிர வேறு சாக்கும் தெரியவில்லை.

என் முதல் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். சரியாகத் தெரியாவிட்டால் அந்த ஒரு வரியை மட்டும் மருந்துக்கடைக்காரரிடம் காட்டுங்கள். ஜனவரி எட்டு. அன்று உங்கள் கண்ணைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. பாவம் பார்த்து வருகிறேன் என்கிறீர்களே, இந்தக் கணக்கிலும் கொடுத்ததைத் தப்பாகப் படித்துவிட்டீர்கள்.

நீங்கள் பெட்டியோடு கிளம்பிய அன்று வாசலில் "போறதுன்னா போங்க" என்றேன். நீங்கள் திரும்பிப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றீர்கள். "போகாதீங்க" என்று சொல்லியிருந்தால் பெட்டியைக் கீழே வைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நான்கு வருஷமாக அந்த ஒரு நிமிஷத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும், ஏப்ரல் 22 காலை ரயிலில் வருகிறேன். நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். "அப்போ அந்த லீவு உங்க லீவா?" என்று தலைமையாசிரியை சிரித்தார். உங்கள் எதிரே நிற்க மாட்டேன். பக்கத்தில் நிற்கிறேன். ஓரங்கள் நன்றாகத் தெரிகின்றன என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.

உங்கள்,
கேள்வி போடுபவள்

பி.கு.: இதைப் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன், யாரிடமும் கொடுக்காமல் நீங்களே படிக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் வந்தது. ஆறு. எட்டு அல்ல.